தேயிலைக்கானின் கடைசித் தடுப்பு

அக்கா,

இன்று காலை மண் கிண்டும் பெக்கோ இயந்திரம் வந்து, தண்ணீர் போக நாம் வெட்டிய கானின் வாயைக் கிண்டத் தொடங்கியது. கறுத்த சேறு மேலே வந்ததும் அந்த மணம் எழுந்தது. அழுகிய புல்லும் உப்பும் கலந்த மணம். நீ வேலை முடிந்து வீடு வரும்போது உன் சேலைக்கரையில் இருந்த அதே மணம். நான் செருப்பைக்கூடத் தேடவில்லை. வெறுங்காலோடு ஓடினேன்.

அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்த உத்தியோகத்தர் தம்பி ஒரு பெரிய கடதாசியை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். மழைக்கு முன் கானைத் துப்புரவாக்க வந்தவராம். கடலோரம் நாம் விட்ட கடைசித் தடுப்பைக் கையால் காட்டினார்.

“அம்மா, பிளான்ல டிச் எண்டுதான் கிடக்கு. டிச்சுக்குள்ள இப்பிடி மண்கட்டு இருக்கேலாது. உடைச்சு நேராக்கப் போறம்.”

டிச்! அந்தச் சொல்லை எனக்கு அவர் விளக்குகிறார்!

உனக்கு நினைவிருக்கும். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு இந்தக் கடலோரப் பாப்பாமோட்டைக்கு வந்த புதிதில், மழை பெய்தால் வயலில் தண்ணீர் நின்று பயிர் அழுகும். காற்சட்டை போட்ட ஒரு திட்டக்காரர் வந்து எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்து, “உங்களுக்கு ஒரு டிச் வெட்டித் தருவம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல்லின் பொருள் தெரியவேண்டும் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். கோயில் பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட, அட்டையில்லாத ஓர் ஆங்கில-தமிழ் அகராதியைக் கேட்டு வாங்கி வந்தாய். ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக்கூடை தூக்கிய இரண்டு பொம்பிளைகள், உடைமர நிழலில் குந்தியிருந்து எழுத்துக்கூட்டினோம்.

முதற்பொருள், தண்ணீர் போக வெட்டிய நீண்ட பள்ளம். அட, இது தோட்டத்தில் நாம் கான் என்று சொல்வது! அடுத்த பொருள், கைவிட்டுப் போவது. அதற்கும் கீழே, பழுதான விமானத்தைக் கடலில் இறக்குவது. நாம் இரண்டு முறை படித்தும் நம்பவில்லை. கடைசியில், ‘கடைசி டிச்’ என்றால் இனிப் பின்னால் போக இடமில்லாமல், விட்டுக்கொடுக்காமல் நிற்கும் இடம் என்று எழுதியிருந்தது.

அந்தத் திட்டக்காரர் திரும்பி வரவேயில்லை. ஆறு மாதம் போன பிறகு நீ சொன்னாய்: “முதல் அர்த்தத்த வாயால சொல்லிட்டு ரெண்டாவது அர்த்தத்த செஞ்சிட்டுப் போயிட்டான் புள்ள.” சிரித்துவிட்டு மண்வெட்டியை எடுத்தாய்.

தோட்டத்தில் கான் வெட்டுவது ஆம்பிளைகளின் வேலை. ஆனால் நிரையில் நின்று கொழுந்து பறித்தபடியே அதை எத்தனை வருடம் பார்த்திருக்கிறோம். இங்கே நம் ஆம்பிளைகள் கூலிக்குப் போயிருந்தார்கள். வயலிலிருந்து உப்புவெளி வரைக்கும் நாம் இருவரும் வெட்டினோம். மலையில் வெட்டுவது போலவே, பத்தடிக்கு ஒருதரம் முழங்கால் உயரத்துக்கு மண்ணை வெட்டாமல் தடுப்பாக விட்டுக்கொண்டு போனோம். சரிவில் ஓடும் தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் இருப்பதற்கான தடுப்பு அது. வேறு விதமான கானை நாம் கண்டதேயில்லை.

பக்கத்து வயல் அண்ணை வரம்பில் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “என்ன, தேயிலை நடப் போறியளோ? கானுக்குள்ள அணை கட்டுற ஆக்களை இண்டைக்குத்தான் காணுறன். தேயிலைக்கான்!”

முதல் மழையில் அவருடைய சிரிப்புத்தான் வென்றது. இது மலையில்லை, தட்டை நிலம். ஒவ்வொரு தடுப்பிலும் தண்ணீர் தேங்கிப் பின்னால் ஏறியது. நம் நெல்லும் அவருடைய நெல்லும் மூழ்கின. அவர் வரம்பில் நின்று கத்தினார். நான் வெட்கத்தில் வீட்டுக்குள் போகப் பார்த்தேன். நீ இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாய். “பிழைன்னா பிழைதான். வா, உடைப்போம்.” ஒவ்வொரு தடுப்பாக உடைத்துக்கொண்டே போனோம். கடைசித் தடுப்புக்கு நான் மண்வெட்டியை ஓங்கியபோது என் கையைப் பிடித்தாய். அந்தப் பக்கத்துத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாய்.

“இத விடு புள்ள. உப்பு வர்ற வாய் இது. மழத்தண்ணி மேலால வழிஞ்சி போயிடும். கடத்தண்ணி உள்ள ஏறக்கூடாது.”

நாட்கணக்கில் அண்ணை நம்மைத் திட்டினார். மழைக்காலம் போய், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று வந்தது. கடல் உப்புவெளியைத் தாண்டி ஏறியது. அவர் தன் பக்கத்தில் நேராக வெட்டியிருந்த கானால் உப்புத்தண்ணீர் உள்ளே போய், அவருடைய நிலம் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்தது. நம் தடுப்பில் முட்டிக்கொண்டு கடல் நின்றது. மேலேயுள்ள குளத்தின் கசிவு நம் கானில் நல்ல தண்ணீராகவே கிடந்தது.

அடுத்த மழைக்கு முன் அவர் நம் வாசல் படலையில் வந்து நின்றார். “தங்கச்சி, எனக்கும் அப்பிடி ஒரு தடுப்புப் போட்டுத் தாங்கோ.”

நீ அவசரப்படவில்லை. “போட்டுத் தர்றோம் அண்ணே. ஆனா அன்னிக்கு நீங்க வச்ச பேர இனிமே நீங்களே எல்லாருக்கும் சொல்லணும்.”

அவர் தலையைச் சொறிந்தார். சொன்னார். அன்றிலிருந்து இந்த ஊரே அதைத் தேயிலைக்கான் என்று சொல்கிறது. கேலிப் பெயரை முதுகு வளையாமல் நின்று வாங்கி ஊரின் பெயராக்கியவள் நீ.

பிறகு ஒரு திட்டம் வந்து கானின் மேல்பக்கத்தில் நாற்பதடிக்குக் கொங்கிறீட் போட்டுப் பெயர்ப்பலகை நட்டது. பலகையில் எல்லாருடைய பெயரும் இருந்தது, வெட்டியவர்களுடையதைத் தவிர. “விடு புள்ள, பலகையா தண்ணி கொண்டுபோகுது?” என்றாய். நீ விட்டாய். நான் விடவில்லை. மனு மேல் மனு எழுதினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. மூன்று மழைக்காலத்துக்கு முன் நீ போய்ச் சேர்ந்தபோதும் அந்தக் கோபம் என்னிடம் அப்படியே இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அந்தக் கோபத்தோடுதான் இன்று தடுப்பின் மேல் ஏறி நின்றேன். பெக்கோவின் கை எனக்கு மேலே நின்றது.

“அம்மா, இறங்குங்கோ. எங்களுக்கு வேலை கிடக்கு.”

“தம்பி, முதல்ல நீங்க இறங்குங்க. இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல். நாக்குல வச்சிப் பாருங்க. பிறகு உடைக்கலாம்.”

பெக்கோக்காரன் சிரித்தான். தம்பி சிரிக்கவில்லை. காற்சட்டையை மடித்துவிட்டு இறங்கினார். உள்பக்கத்துத் தண்ணீரை நாக்கில் வைத்தார். வெளிப்பக்கத்தை வைத்ததும் முகத்தைச் சுளித்துத் துப்பினார். சோளகம் இன்னும் முழுதாக ஓயவில்லை; கடல் தடுப்புவரை ஏறித்தான் கிடந்தது.

அதற்குள் அண்ணை வந்துவிட்டார். இப்போது சைக்கிளில் ஏறமுடியாது, உருட்டிக்கொண்டுதான் வருவார். “தம்பி, அது தேயிலைக்கான். அதில கை வைக்கிறதெண்டால் இந்தக் கிழவனையும் சேர்த்துக் கிண்டுங்கோ.”

தம்பி கடதாசியைப் பெக்கோவின் சக்கரத்தில் வைத்து, கானின் முனையில் தடுப்பைக் குறிக்கக் குறுக்காக ஒரு கோடு போட்டார். “இதை ஆர் செய்தது எண்டு எழுத வேணும் அம்மா. உங்கட பேர்?”

“என் பேர் பிறகு. முதல்ல அவ பேர எழுதுங்க.”

உன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். ஆங்கிலத்தில் எழுதினார். பக்கத்திலேயே தமிழிலும் எழுதவைத்தேன். ஒற்று ஒன்றை விட்டிருந்தார். அதையும் போடவைத்த பிறகுதான் தடுப்பிலிருந்து இறங்கினேன்.

பெக்கோ போய்விட்டது. அகராதி என் பெட்டிக்குள் இருக்கிறது. உன் மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட்டிருக்கிறேன். நீ போன நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் கடைசித் தடுப்புக்கு நடந்துபோய், இரண்டு பக்கமும் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். இன்று சேறு கலங்கிக் கிடந்ததால், அது தெளியும்வரைக்கும் தடுப்பிலேயே குந்தியிருந்து, இன்னொரு முறையும் பார்த்தேன்.

உள்ளே நல்ல தண்ணீர்தான் அக்கா.