கொல்லனின் பேரன் பிரபுவான கதை

நவம்பர் 14, வெள்ளி

இன்று முதியோர் சங்கத்தில், இரும்பு வணிகத்தால் உயர்ந்த ஒரு சுவீடன் பிரபுக் குடும்பத்தின் வரலாற்றைப் பேசினேன். பக்கத்து நகரமான லவாலிலிருந்து செல்வராசாவை நானே வற்புறுத்தி வரவழைத்திருந்தேன். ஊரில் அவர்கள் கொல்லர் குடும்பம். இங்கே அவர் ஓய்வுபெற்ற வெல்டர். முன்வரிசையில் இருந்தார்.

அந்தக் குடும்பத்தின் மூதாதை ஒரு கொல்லன் என்றும், பேரனை அரசர் பிரபுவாக்கியபோது குடும்பச் சின்னத்தில் சுத்தியலையே பொறித்துக்கொண்டார்கள் என்றும் சொன்னேன். சங்கத் தலைவர் இடைமறித்தார்.

“மாஸ்டர், எங்கடை ஊரெண்டால் உந்தப் பிரபுவைப் படலைக்கு வெளியிலை நிப்பாட்டி, ‘டேய், மண்வெட்டி அடிச்சிட்டியோ?’ எண்டெல்லோ கேட்டிருப்பம்!”

மண்டபமே சிரித்தது. எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் என் வாயும் சிரித்தது. அதைச் செல்வராசா பார்த்தார். நான் தாளைப் புரட்டி, இரும்பு ஏற்றுமதிக்குப் போய்விட்டேன்.

மெட்ரோ வாசலில், “நல்லாய்க் கதைச்சியள், மாஸ்டர்,” என்றார் செல்வராசா.

“அடுத்த கூட்டத்துக்கும் வருவீங்களோ?”

“பாப்பம். குளிரும் தொடங்கீட்டுது.”

வீட்டுக்கு வந்ததும் தலைவருக்குக் கண்டனக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பழக்கத்தில் கை ‘மதிப்புக்குரிய’ என்று தொடங்கிவிட்டது. அந்தச் சொல்லின் மேல் பேனாவை வைத்திருக்கிறேன். இன்னும் அதை அடிக்கவில்லை.