கரடிக்கும் காதுகுத்து

மருமகளே செவ்வந்தி,

டிவியில் வரும் கரடிக்குட்டி பிள்ளைக்கு அடம்பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறது என்று என் மகன் குருநாதனும், பல் விளக்கப் பழக்கியதே அதுதான் என்று நீயும் மூன்று நாளாக முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிகிறீர்கள். உன் மகளோ, "கரடிக்குக் காது குத்தினாத்தேன் நானும் குத்திக்குவேன், அய்யா" என்கிறாள். நாளைக்குச் சொந்தபந்தம் கூடும் பந்தலில் நான் தலைகுனிய முடியாது.

ஆசாரியைக் கையோடு கூட்டிவரத் திருப்புல்லாணி போகிறேன். முதலில் அவளுடைய கரடிப் பொம்மைக்குக் குத்துவோம். அதற்குத் தாய்மாமன் இல்லாததால் குருநாதன் மடியில் வைத்துக்கொள்ளட்டும். வேட்டி கட்டச் சொல், லுங்கி ஆகாது.

மீன்குழம்பை மூடி வைத்திருக்கிறேன்.

பூமிநாதன்

பி.கு.: குருநாதன் தாய்மாமன் என்றால் கரடி எனக்குப் பேரன். இனி என் பேரனை இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லக் கூடாது.