கட்டணம் இல்லாத கார்டு

பிப்ரவரி 11, செவ்வாய்

மூன்றாவது நாடு. அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் தெரிகிறது. வாடகை குறைவு என்பதால் டீச்சருக்கு அதுவே அழகான காட்சி.

வந்ததும் வராததுமாகப் பணம் எடுக்க என்னை இழுத்துக்கொண்டு போனார். ரயில் நிலைய வாசலிலேயே ஒரு மெஷின் நின்றது. தொடவிடவில்லை. "கடை வாசல், ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறதெல்லாம் கொள்ளைக்கார மெஷின் சிஸ்டர். பேங்க் சுவத்துல பதிச்சது எங்கயாவது இருக்கும், நடங்க." முட்டி வலியோடு நடந்தேன்.

பேங்க் மெஷினும் லேசுப்பட்டதில்லை. உங்கள் நாட்டுப் பணக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது. டீச்சர் வேண்டாம் என்று அழுத்தினார். சரி என்றால் அவர்கள் வைத்த விலைக்கு மாற்றிவிடுவார்களாம். உதவி செய்வது மாதிரி கேட்டுக் கழுத்தை அறுப்பது.

அவர் கணக்கு டீச்சராகவும் நான் நர்ஸாகவும் ஓய்வு பெற்றோம். முப்பது வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டு பேர் கணவர்களும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு வருஷம் ஊர் ஊராகச் சுற்றுவது என்று கிளம்பினோம். திட்டம் முழுக்க அவருடையது. நான் கூட வந்தவள்.

பிப்ரவரி 19, புதன்

பணப் பேச்சில் சின்ன மனத்தாங்கல். ஆளுக்குப் பாதி தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம் என்றேன். முன்னாலேயே பணம் போட்டுவைத்து எடுக்கும் இந்தப் பயணக் கார்டுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் இந்த ஊர் மெஷின் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு தொகை பிடிக்கிறது. ரெண்டு பேர் எடுத்தால் ரெண்டு தடவை அழ வேண்டும், ஒருத்தர் மொத்தமாக எடுத்தால் ஒரு தடவைதான் என்றார் டீச்சர். நியாயம்தான். என் பங்கையும் அவர் கார்டிலேயே போட்டுவிட்டேன். என் கார்டில் கைச்செலவுக்கு மட்டும்.

எங்கள் ஊர் பேங்க் கார்டுகள் வீட்டு பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. கையில் இருந்தால் எடுக்கத் தோன்றும், எடுத்தால் தண்டம் என்று கிளம்பும்போதே வாங்கி வைத்துவிட்டார்.

மார்ச் 6, வியாழன்

மழை. வெளியே போகவில்லை. டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார், இந்த மாதம் கட்டணமாகப் போனது ஒரு காபிக் காசுதானாம். பரிட்சையில் முதல் மார்க் வாங்கிய முகம்.

மார்ச் 14, வெள்ளி

ஆஸ்பத்திரி நடைவழி. மடியில் வைத்து எழுதுகிறேன்.

காலையில் பல் தேய்க்கப் போனவர் சத்தத்தோடு விழுந்தார். ஓடிப் பார்த்தபோது வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், சொல்லாக வரவில்லை. பார்த்த உடனே தெரிந்துவிட்டது எனக்கு. தெரியாமல் இருந்திருக்கலாம்.

மூளையில் ரத்தக் கசிவு. திறந்து எடுக்க வேண்டும், சீக்கிரம் செய்தால் நல்லது என்றார் டாக்டர். கவுன்டர்காரி முன்பணம் கேட்டாள். வெளிநாட்டுக்காரர்கள் என்றால் கட்டிய பிறகுதானாம். காப்பீட்டுக்காரனுக்குப் போன் போட்டேன். முதலில் நீங்கள் கட்டுங்கள், ரசீது அனுப்பினால் பிறகு தருவோம் என்கிறான்.

டீச்சர் கார்டின் ரகசிய எண் எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை. என் கார்டில் இருப்பது பத்தவே பத்தாது.

டீச்சர் மகனுக்குப் போன் செய்தேன். "பயப்படாதே தம்பி. டாக்டருங்க பாத்துக்கிறாங்க. பணம் மட்டும் என் கார்டுக்கு அனுப்பு." வருஷக்கணக்கில் வார்டில் நின்று நின்று வந்த குரல் அது. நோயாளிகளின் வீட்டு ஆட்களிடம் அப்படித்தான் பேசிப் பழக்கம்.

உடனே அனுப்பிவிட்டதாகச் செய்தி வந்தது. காத்திருக்கிறேன்.

மார்ச் 15, சனி

பணம் வரவில்லை.

காலையில் அவனிடம் மறுபடி பேசினேன். எப்போ வரும்? திங்கள், இல்லையென்றால் செவ்வாய் என்றான். சனி ஞாயிறு பேங்க் கிடையாதே பெரியம்மா என்றான். வேறு வழியில் திரும்ப அனுப்ப முடியாதா? அவனிடம் இருந்ததை மொத்தமாக அனுப்பிவிட்டானாம். நண்பர்களைக் கேட்கிறேன் என்றவன் குரல் அப்போதுதான் உடைந்தது. அம்மா நல்லாத்தானே இருக்காங்க என்று கேட்டான்.

டீச்சரின் விரலை எடுத்து அவர் போனில் வைத்துப் பார்த்தேன். விரல் ஈரமாக இருந்தது, சேலையில் துடைத்து மறுபடி வைத்தேன். திறந்தது. கார்டுக் கணக்குக்குள் போனால் அங்கே தனியாக ஒரு எண் கேட்கிறது. மகன் பிறந்த வருஷம் போட்டேன். இல்லை. அவர் கணவர் இறந்த வருஷம் போட்டேன். கணக்கைப் பூட்டிவிட்டது.

காதருகே குனிந்து கேட்டேன். ஒரு நம்பர்தானே டீச்சர், சொல்லுங்க. கையையாவது அசைங்க. எழுந்திருடி — முப்பது வருஷத்தில் அவரை டி போட்டுப் பேசியது அப்போதுதான். கண் திறக்கவில்லை.

மெஷின் மெஷினாகப் போனேன். ஸ்டேஷன் வாசல், கடை வாசல், பெட்ரோல் பங்க். எது என்ன கேட்டாலும் சரி சரி என்று அழுத்தினேன். என் காசு தீர்ந்தது. கவுன்டர்காரி வாங்கி எண்ணிப் பார்த்துப் போதாது என்று தலையை ஆட்டினாள்.

கடைசியில் நாங்கள் தங்கியிருந்த விடுதிக்காரிதான். நேற்றே கேட்டிருக்கலாம். அவள் யாரோ நான் யாரோ, எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டேன். போனில் பேசிப் பேசி மொழிமாற்றிக் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். பிறகு இரண்டு பாஸ்போர்ட்டையும் கேட்டாள். கொடுத்தேன். டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்து தன் கார்டில் கட்டினாள். திட்டுவதா கும்பிடுவதா? கும்பிட்டேன்.

சாயங்காலம் உள்ளே கொண்டுபோனார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

ஆபரேஷன் முடிந்தது. கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

மார்ச் 18, செவ்வாய்

விடியும்போது டீச்சர் போய்விட்டார். கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

காப்பி குடிக்கச் சொல்லி நர்ஸ் பெண் என்னை வெளியே அனுப்பினாள். அங்கே உட்கார்ந்திருக்கும்போது போன் அதிர்ந்தது. பணம் வந்துவிட்டது. முழுப் பணம், ஒரு பைசா பிடிக்காமல்.

விடுதிக்காரிக்கு அதிலிருந்து கொடுத்தேன். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் அழுதாள். எனக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமையே ஆபரேஷன் செய்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் — இருக்கலாம். எத்தனை பேருக்கு நானே இதைச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தராவது நம்பியிருப்பார்களா?

மார்ச் 20, வியாழன்

மகன் வந்தான். முகச்சவரம் இல்லை, சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தான். அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். போனை எடுத்தான்.

"போன்ல ரெண்டு வழி காட்டுச்சு பெரியம்மா. ஒண்ணு உடனே போகும், அதுக்கு நிறைய பிடிப்பாங்க. அம்மா எப்பவும் இன்னொண்ணுலதான் அனுப்பச் சொல்வாங்க. அதுலயே அனுப்பிட்டேன்."

சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"அவசரம்னு நீங்க சொல்லலையே."

"சொல்லல."

"ஏன் சொல்லல?"

நீ தூரத்தில் இருந்தாய், பயந்துவிடுவாய் என்று நினைத்தேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவன் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டான்.

மார்ச் 23, ஞாயிறு

ஒரே விமானத்தில் வந்தோம், வேறு வேறு வரிசையில். கீழே சரக்கோடு டீச்சர்.

ஏப்ரல் 2, புதன்

காரியம் முடிந்தது. எல்லோரையும் மகனே நேரில் போய்க் கூப்பிட்டான். என் வீட்டு வாசலில் டீச்சர் மருமகள் மட்டும் வந்து நின்று சொல்லிவிட்டுப் போனாள். போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து வந்தேன்.

மே 9, வெள்ளி

டீச்சர் வீட்டுக் கேட்டில் வாடகைக்கு என்று போர்டு தொங்குகிறது. இரண்டு நாளாக வெள்ளையடிக்கும் வாசனை. போர்டின் கீழே மகனின் போன் நம்பர்.

மத்தியானம் ஒரு கணவன் மனைவி வந்து பார்த்தார்கள். போகும்போது அந்தப் பெண் என் வாசலில் நின்று விசாரித்தாள், வீட்டுக்காரர் எப்படி, தொந்தரவு உண்டா என்று.

"நல்ல பையன்" என்றேன்.

"உங்களுக்கு ரொம்பப் பழக்கமா?"

"சின்னப் பிள்ளையில இருந்து தெரியும்."

ஒரு வார்த்தை அவரிடம் சொல்லிவைக்க முடியுமா என்று கேட்டாள். நீங்களே பேசிவிடுங்கள், அதுதான் நல்லது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.