படி இல்லாத கோபுரம்

சண்டை ஓய்ந்த மூன்றாம் ஆண்டு, மாசி 4
கல் கொட்டகை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் உன் தையல் மெஷினும் நலமா? சந்தோஷத்தில் அவசர அவசரமாக எழுதுகிறேன், என் கிறுக்கலைப் பொறுத்துக்கொள். சமாதானக் கோபுரம் எழும்பிவிட்டது அக்கா. கீழே நாங்கள் கயிறு இழுக்க, மேலே சிறகுக்காரர்கள் பறந்தபடி தாங்கிப் பிடிக்க, கடைசிக் கல் போய் உட்கார்ந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒருவர் தலையை ஒருவர் தேடி அலைந்த கூட்டம்தானே இது? இப்போது அவர்களில் ஒருவன் என் சுத்தியலைக் கேட்காமல் எடுத்துப் போய்விட்டுத் திருப்பித் தர மறக்கிறான். அவனை நெட்டை என்று கூப்பிடுகிறேன். அவன் என்னைக் குட்டை என்கிறான்.

உச்சி அறைச் சுவரில், சண்டையில் செத்த நம்மவர்கள், அவர்கள் எல்லோருடைய பெயர்களும் கலந்து இருக்கின்றன. கல் மேலே போகும் முன்பே கொட்டகையில் வைத்து வெட்டினோம். அத்தான் பெயரை நான்தான் வெட்டினேன், வேறு யாரையும் உளி வைக்க விடவில்லை.

இனி நடந்த கூத்தைக் கேள். கீழ்ப்பாதியை வரைந்தது நம் ஆட்கள், மேல்பாதியை வரைந்தது அவர்கள். இரண்டு படத்தையும் ஒட்டிப் பார்த்து எல்லோரும் கைதட்டினோம். இன்று சாரத்தைப் பிரித்த பிறகுதான் தெரிகிறது, நம் படிக்கட்டு பாதியிலேயே கூரையில் முட்டி நிற்கிறது. அதற்கு மேல் வெறும் ஜன்னல்தான். பறக்கிறவனுக்குப் படி எதற்கு? மேஸ்திரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் வழி பிறந்துவிட்டது. திறப்பு விழாவன்று நம்மவர்களைச் சிறகுக்காரர்களே தூக்கிக்கொண்டு போய் உச்சியில் விடுவார்களாம். உன் பெயரை முதல் ஆளாகக் கொடுத்துவிட்டேன். நெட்டையே உன்னைத் தூக்குவான். உடனே பதில் போடு.

உன் தம்பி


மாசி 9
வீடு

தம்பிக்கு,

படிக்கட்டுக் கதையைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். வெட்டிக்கொண்டிருந்த சட்டை கோணிப்போயிற்று. சட்டைக்குச் சொந்தக்காரர் வந்து கேட்டால் உன்னைத்தான் கைகாட்டுவேன்.

அடுத்த பத்தியைப் படித்ததும் மெஷினை மூடி வைத்துவிட்டேன்.

தூக்கிக்கொண்டு போவார்களா? உன் அத்தானையும் அப்படித்தானேடா தூக்கிக்கொண்டு போனார்கள். கிணற்றடியில் நின்றவரின் காலை நான் கட்டிக்கொண்டேன், செருப்பு மட்டும்தான் என் கையில் மிஞ்சியது. அவரை மேலேயிருந்து எங்கே போட்டார்கள் என்று உனக்குத் தெரியும். தேடிப் பிடித்து எடுத்து வந்ததே நீதான். அது எப்படி உனக்கு மறந்தது? நீ கல்நெஞ்சக்காரன் இல்லை, சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

என் பெயரை எடுத்துவிடு. நான் வரவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மாசி 15
கல் கொட்டகை

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நேரில் வந்து என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். எனக்கு ஏன் புத்தி இப்படிப் போயிற்று என்று தெரியவில்லை.

நெட்டையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிறகை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "பெரிய மனுஷங்க வந்தா நாங்க தூக்கிட்டுப் போய்த்தான் இறக்கிவிடுவோம், அதுதான் எங்க மரியாதை. உங்களுக்கு அது எப்படி இருக்கும்னு எங்க ஒருத்தருக்கும் தோணலையே" என்றான். பிறகு எழுந்து அவர்களுடைய பெரியவர்களைப் பார்க்கப் போனான். பறக்கவில்லை அக்கா, நடந்தே போனான்.

மறுநாள் இங்கே ஒரே அமர்க்களம். கூரையை உடைத்து உச்சிவரை படி கட்டுகிறோம், விழா பங்குனிக்குத் தள்ளிப்போய்விட்டது. இன்னொன்று கேள். விழாவன்று அவர்களில் ஒருவரும் பறக்கப் போவதில்லையாம், நம்மோடு படியேறித்தான் வருவார்களாம். அதற்கு இப்போதே கீழ்ப்பாதிப் படிகளில் ஏறிப் பழகுகிறார்கள். பார்க்கக் கண் கோடி வேண்டும். திருப்பத்தில் நெட்டையின் சிறகு பாதி விரிந்த குடை மாதிரி மாட்டிக்கொண்டு, அப்படியே என்மேல் விழுந்தான். அவர்களில் ஒரு பெரியவர் பத்துப் படி ஏறிவிட்டு மூச்சு வாங்கியபடி, "தினமும் இதையா பண்றீங்க?" என்று என்னிடம் கேட்டார்.

வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. படி இருக்கிறது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

உன் தம்பி


மாசி 22
வீடு

தம்பிக்கு,

படியை உயரமாக வைத்துத் தொலைக்காதே, எனக்கு முட்டி வலி. திருப்பத்துக்குத் திருப்பம் உட்கார ஒரு திண்டு இருக்கட்டும், உன் நெட்டையின் பெரியவர்களுக்கும் உதவும்.

அத்தான் பெயர் எந்த உயரத்தில் இருக்கிறது? என் கைக்கு எட்டுமா? எட்டாது என்றால் ஒரு முக்காலி போட்டு வை.

உன் நெட்டை படியேறும்போது சிறகைச் சேர்த்துக் கட்ட அகலமாக ஒரு பட்டை தைத்திருக்கிறேன். அளவு தெரியாது, குத்துமதிப்பாக வெட்டினேன். பாசம் பொங்கித் தைத்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சிறகு உரசி உரசி அந்தச் சுவர்ப் பெயர்கள் தேய்ந்துவிடக் கூடாது, அதற்குத்தான். சரியாக இருந்தால் மற்றவர்களுக்கும் தைக்கலாம்.

பங்குனி பிறந்ததும் கிளம்புகிறேன். அந்தச் செருப்பையும் எடுத்து வருகிறேன், அவர் பெயருக்குக் கீழே வைக்க வேண்டும்.

நெட்டையிடம் இப்போதே சொல்லிவிடு. ஏறும்போது என் கையை யாரும் பிடிக்க வேண்டாம். இறங்கும்போது பார்க்கலாம்.

அக்கா