கழற்றிய டேம்பர்

ஜூன் 11, செவ்வாய்

எங்கள் தேயிலை ஃபாக்டரியின் ஜெனரேட்டர் எஞ்சினை மேனேஜர் கீர்த்திவாசன் கொன்றுகொண்டிருக்கிறார்.

இலை வாட்டும் விசிறியின் மோட்டார் எரிந்துவிட்டது. மழையில் மரம் விழுந்து கரண்டும் இல்லை. கொழுந்து குவிந்து கிடக்கிறது. எஞ்சினிலிருந்தே பெல்ட் போட்டு விசிறியை ஓட்டச் சொன்னார். எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் முன்முனையில், நடுக்கத்தை அடக்க ரப்பர் வளையம் வைத்த டேம்பர் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, கொட்டகையில் கிடந்த பழைய இரும்புப் புல்லியை மாட்ட வேண்டுமாம்.

“வெயிட் கூடுனா ஆட்டம் கொறையும். டிப்ளமோல இதுகூடச் சொல்லித் தரலையா?” என்றார் மெக்கானிக்கான என்னிடம்.

ஆபரேட்டர் செல்லதுரை அண்ணன் வேண்டாம் என்றார். நானும் சொன்னேன், ஒரே ஒரு தடவை. பிறகு ஸ்பானரை எடுத்து நானே புல்லியை மாட்டி முறுக்கினேன்.

ஜூன் 12

கிராங்க் ஷாஃப்ட் இரும்பு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அது ஈரத்துணி. ஆறு சிலிண்டர்கள், ஆறு கைகள். முறை வைத்துப் பிழிகின்றன. ஒவ்வொரு வெடிப்புக்கும் மயிரிழை அளவு முறுக்கிக்கொண்டு, விட்டதும் திரும்புகிறது. அந்த நடுக்கத்தை ரப்பர் வாங்கிச் சூடாக்கிக் கரைத்துவிடும். இப்போது வாங்க யாருமில்லை. போதாததற்கு முனையில் பாரம். பாரம் ஏறினால் முறுக்கின் ஆட்டம் மெதுவாகும். மெதுவாகி, எஞ்சின் வெடிக்கும் தாளத்தோடு சேர்ந்துகொண்டால்? ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளுவது மாதிரி.

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. மலையே மெல்ல முறுக்கித் திரும்புவதுபோல் இருந்தது.

ஜூன் 15

எஞ்சின் பக்கத்தில் வைத்த டம்ளர் டீயில் அலை வட்டம் வட்டமாக நிற்கிறது. அழகாக இருக்கிறது. பயமாக இருக்கிறது.

ஜூன் 19, புதன்

கிராங்க் ஷாஃப்ட் உடைந்துவிட்டது. ஒரே சத்தம். அப்புறம் மழை மட்டும்.

மாலைக்குள் ஆபீஸ் போர்டில் நோட்டீஸ்: ஆயில் பார்க்காமல் ஓட்டியதற்காகச் செல்லதுரை சஸ்பெண்ட். குற்றம் உறுதியானால் வேலை போகும், எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

அவர் மனைவி பேச்சியம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏனுங் அம்மணி, ஆயில் பாக்காத ஆளா அவரு? இந்த ஊட்ட உட்டா நாங்க எங்க போறது?”

ஸ்பானர் பிடித்த கை அது.

ஜூன் 24

எஞ்சினைப் பிரித்தோம். அண்ணனையும் வரச் சொன்னேன், வாசலில் நின்று பார்த்தார். ஆயில் இல்லாமல் ஓடியிருந்தால் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகள் கருகியிருக்கும். பளபளவென்று இருக்கின்றன.

“இதுல மூஞ்சி பாத்துத் தல சீவலாம் போலிருக்குதே,” என்றார் அண்ணன்.

ஷாஃப்ட் சாய்வாக, திருகினாற்போல் உடைந்திருந்தது. முறுக்கி முறுக்கியே ஓய்ந்த இரும்பு. ஆபீஸுக்குக் காட்டலாம் என்றேன்.

“நீ வாயத் தொறக்காத அம்மணி. என்ற வேலதான் போகுது, உன்றதும் எதுக்கு?”

இதுதான் எரிகிறது. தப்பு செய்தவர் தூங்குகிறார். தண்டனை வாங்குகிறவர் எனக்காகப் பயப்படுகிறார். என்ன நாடு இது?

ஜூலை 1, திங்கள்

மேனேஜர் அறையில் விசாரணை, நடத்துவதும் அவரே. காலையில்தான் புது கிராங்க் ஷாஃப்ட் வந்து இறங்கியது. டேம்பரோடு பூட்டச் சொல்லி மேனேஜரே ஆள் அனுப்பினார். இரும்புப் புல்லியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பேரிங்கை மேஜையில் வைத்தேன். உடைந்த துண்டையும் வைத்தேன்.

“புல்லி மாட்டச் சொன்னதா எங்கயாச்சும் எழுத்துல இருக்காம்மா?” என்றார் மேனேஜர்.

இல்லை. இங்கே ஆர்டர் எல்லாம் வாயால்தான் வரும். குற்றம் மட்டும் எழுத்தில் வரும்.

“மாட்டுனது நானுங்க. மாட்டச் சொன்னது நீங்க. ரெண்டு பேரையும் எழுதுங்க. நோட்டீஸுல இருக்கற அண்ணன் பேர அடிங்க சார்.”

கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டு மேனேஜர் முகத்தைப் பார்த்தார். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் உட்காரவில்லை. இன்னொரு தடவை கேட்டேன்:

“அண்ணன் பேர அடிக்கறீங்களா, இல்லீங்களா?”