கரி எரியும் வரை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். எங்கள் சுகத்தை ஒரு வரியில் எழுத வரவில்லை, அதனால் முதலில் காரைப் பற்றி எழுதுகிறேன். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் உன் அம்மா என் தோளோடு ஒட்டி உட்கார்ந்து கேட்கிறாள், உன் கேள்விக்கு நான் வாயைத் திறப்பதற்குள் அவளே எல்லாம் நல்லா இருக்கு என்று பதிலும் சொல்லிவிடுகிறாள்.

கார் படுத்துவிட்டது. உன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் வாங்கினோமே, அதே டீசல் கார்தான். அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போய் வருவதைத் தவிர இப்போது அதற்கு வேறு வேலையே கிடையாது, ஆஸ்பத்திரியும் கூப்பிடு தூரம். கையில் ஊசி குத்துகிற இடம் சின்னக் குலுக்கலுக்கும் வலிக்கிறது என்று அவள் ஒரு நாள் சொன்னாள், அன்றிலிருந்து நான் இரண்டாவது கியரைத் தாண்டுவதில்லை. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். சைக்கிள்காரர்கள்கூட என்னை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவள் வெளியே வரும்போது வண்டிக்குள் இதமாக இருக்க வேண்டுமே என்று ஆஸ்பத்திரி வாசலில் இன்ஜினை அணைக்காமலே காத்திருப்பேன். இப்படிப் பார்த்துப் பார்த்து ஓட்டியதுதான் வினையாகப் போயிற்று. ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. அது என்னங்க, ஏங்க எரியுது என்று அவள் தினமும் கேட்டாள். பயப்படுகிறாளே என்று அதன் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு உலகமே இருண்டுவிட்டது என்று நினைக்கிற பூனைக்கு உன் அப்பன் எந்த விதத்தில் குறைந்தவன் சொல்லு.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பாலத்து ஏற்றத்தில், எவ்வளவு மிதித்தாலும் வண்டி வேகமே எடுக்கவில்லை. முக்கி முனகி நடக்கிற வேகத்தில் ஏறுகிறது, பின்னால் ஒரு லாரி வேறு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்கு ஒதுக்கியிருந்த படுக்கையில் வேறு ஒருவர் படுத்திருந்தார். நர்ஸைக் குறை சொல்ல முடியாது, படுத்திருந்தவரும் ஒரு உயிர்தானே. சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். காலெல்லாம் வீங்கி அவளுக்கு மூச்சு வாங்கியது. அப்போதுகூட, பெஞ்சு நல்லா அகலமா இருக்கு, நீங்களும் கொஞ்சம் சாஞ்சுக்கோங்க என்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காரை அங்கேயே கொளுத்தியிருப்பேன்.

நம் தெருமுனை மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டேன். எதைக் கேட்டாலும் நாளைக்கு, நாளைக்கு என்பானே, அம்மாகூட அவனுக்கு நாளைக்கு என்றே பேர் வைத்தாளே, அவன்தான். டீசல் புகையில் இருக்கிற கரியைப் பிடித்து வைக்கச் சைலன்சர் பக்கம் ஒரு ஃபில்டர் இருக்கிறதாம். வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் விடாமல் ஓடினால் அது சூடேறி, பிடித்து வைத்த கரி தானாக எரிந்துவிடுமாம். நான் ஓட்டுகிற லட்சணத்துக்கு அது சூடாகவே இல்லை, கரி அடைத்துக்கொண்டது. மெதுவா ஓட்டி ஓட்டியே வண்டிக்கு மூச்சு முட்ட வெச்சிட்டீங்களே சார் என்றான். உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்துவிட்டு வெறும் குழாயை மாட்டிவிடட்டுமா, யாருக்குத் தெரியப் போகிறது என்றும் கேட்டான். எனக்குச் சபலம் தட்டியது, பொய் சொல்வானேன். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த உன் அம்மாதான், ஏம்ப்பா, எனக்குத்தான் ஃபில்டர் போச்சு, அதுக்கும் போகணுமா, தெருவுல போற பிள்ளைங்க கரியைக் குடிக்கவா என்று கேட்டாள். அவன் கம்ப்யூட்டரை மாட்டிக் கொஞ்சம் கரியை அங்கேயே எரித்தான், இன்ஜின் ஆயிலையும் மாற்றினான். மிச்சத்தை பைபாஸில்தான் எரிக்க வேண்டும், வேகம் குறையாமல் ஓட்டுங்க, நடுவில் எதுக்காகவும் நிறுத்தாதீங்க, பாதியில் விட்டால் மறுபடி அடைச்சுக்கும், அப்புறம் கழற்றித்தான் ஆகணும், வண்டி ஒரு வாரம் கிடைக்காது என்று கறாராகச் சொன்னான். மறுநாள் டயாலிசிஸ் என்பதால் நானும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நீ வீட்டில் இரு என்றால் அம்மா கேட்கவில்லை, எவ்வளவு நாளாச்சு அந்தப் பக்கம் போய் என்று செருப்பை மாட்டிக்கொண்டு முதலில் போய் ஏறிவிட்டாள்.

பைபாஸில் ஏறி வேகம் பிடித்த பிறகுதான் அவள் பேச ஆரம்பித்தாள். எனக்குப் போதுங்க என்றாள். ஏசியைச் சொல்கிறாளாக்கும் என்று நான் கையை நீட்டினேன். அது இல்லை, ஊசி போதும், படுக்கை போதும், இனிமே ஆஸ்பத்திரிக்கு வரலை என்றாள். கத்தவில்லை, அழவில்லை, கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்கிற குரல்தான். நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம், கொஞ்ச நாள்தான் என்று அவரும் மறைக்காமல் சொல்லிவிட்டாராம். எனக்கு ஓரம் கட்டி அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. நிறுத்தாதீங்க, கரி எரியட்டும் என்றாள். வீட்ல இந்தப் பேச்சை எடுத்தா பைப்பை மூடணும், துணியை எடுக்கணும்னு எழுந்து போயிடறீங்க, இங்க எழுந்து போக முடியாது, அதான் இப்பச் சொல்றேன் என்றாள். அவள் சொன்னது அத்தனையும் நிஜம். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்து டேப்பை உரித்துப் பார்த்தேன், விளக்கு அணைந்துவிட்டது, வண்டி இப்போது ஏற்றத்தில் ஜம்மென்று ஏறுகிறது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள், உங்களுக்காக வர்றேன் என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். இன்னும் எத்தனை முறை எனக்காக வருவாளோ. பிள்ளைகிட்ட நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்க என்று என் தலையில் கட்டிவிட்டாள். நீ வந்து, வேண்டாம்மா என்று அவளிடம் மன்றாட வேண்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இவ்வளவு எழுதிய பிறகு, அப்படிக் கேட்பது அவளுக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை. லீவு கிடைத்தால் வா என்று வழக்கமாக எழுதுவேன். இந்த முறை அப்படி எழுதவில்லை, வா. ஏர்போர்ட்டுக்கு நானே வருகிறேன், தூர ஓட்டம் அந்த ஃபில்டருக்கும் நல்லது.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் என் ஆசிகள் எப்போதும் உண்டு, குட்டிப் பயலுக்குத் தாத்தாவின் முத்தம். இதைப் படித்ததும் அம்மாவுக்குப் போன் போட்டு அழாதே, நேரில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்வதை முழுக்கக் கேள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அவள் வாயைத் திறந்ததும் நான் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து போவேன். என் கையைப் பிடித்து உட்கார வை.

உன் வருகைக்காகக் காத்திருக்கும்,
அப்பா