கரவனில் வராத ஆறரைச் செய்தி

மார்கழி 27, வெள்ளி

மூன்று பிரதமர்களைக் கண்டு, பழைய ரீவிச் சிக்னலையும் நிறுத்திவிட்ட வருடம் இது. மகளோடு கடற்கரையில் வாடகைக் கரவன் வண்டியில் இருக்கிறேன்.

மத்தியானம் வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமிலிருந்து ஊர்க் கூட்டாளி சின்னராசா போன் எடுத்தான்.

"அடுத்த கிழமை ஊருக்கு அனுப்பப் போகினமாம். இண்டைக்குக் கமெராக்காரர் வந்தவங்கள். வேலிக்குள்ள நிண்டு கை காட்டினனான். ஆறரைச் செய்தியைப் பாரடா. தாடி வளந்திட்டுது, ஆளை மாறிப்போடாதை!"

அவன் முகத்தைக் கண்டு முப்பது வருடம்.

ஆறு மணிக்கே ரீவியைப் போட்டேன். சிக்னல் இல்லை. கூரை அன்ரெனாவை உள்ளே இருந்தே திருப்ப ஒரு கைப்பிடி இருக்கிறது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மெல்ல மெல்லச் சுற்றினேன். ஊரில் என்றால் முதலில் புள்ளிகள் தெரியும், பிறகு நிழல், பிறகு ஆள். இதில் வெறும் நீலம். தோள் நொந்ததுதான் மிச்சம்.

கடற்கரையால் வந்த மகள் கேட்டாள்.

"திருப்பின பிறகு ஸ்கான் பண்ணினீங்களோ அப்பா?"

"திருப்பினா வரும்தானே?"

"ஐயோ, அது பழைய ரீவிக்கு. இதுக்கு ஒவ்வொருக்காலும் சனலைத் தேட விடவேணும்."

பொத்தானை அமத்தினாள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மாதிரிப் படம். நாளைய வெயிலைச் சொல்லி ஒருவன் சிரிக்கிறான். செய்தி முடிந்துவிட்டது.

"நாளைக்கும் காட்டுவாங்கள் அப்பா."

காட்டமாட்டார்கள்.

"கண்டனியோ?" என்று அவன் கேட்டால் என்ன சொல்ல? ஊரில் முதல் அன்ரெனாவைக் கமுகில் கட்டி ஏற்றியது நாங்கள் நாலு பேர். குணம், அருமை இரண்டு பேரும் போய்விட்டார்கள். என்னைவிட்டால் உயிரோடு இருப்பது சின்னராசா ஒருவன்தான்.